கம்ப்ரஸர் ஓட்டிய தக்காளி லாரி

லாரி உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாலை வளைவில் ஒரு கைப்பம்பும் ஒரு ஜாக்கியுமாக உட்கார்ந்தவன் நான். இன்று அதே வளைவில் லாரிகள் வரிசையாக நின்று இளைப்பாறும் மைதானமும், மூன்று வாசல் வைத்த டயர் கடையும் என்னுடையவை. இந்தச் சாலையில் டயர் உருட்டுகிற எல்லாருக்கும் என் கதை தெரியும். தெரியாதவர்கள் வந்து கேட்டால் நானே சொல்வேன், சலிக்காமல். அதனால் அதற்கு மலரில் இடத்தை வீணாக்கவில்லை. என் மைத்துனன் கதையை எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் அச்சகத்தில் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

எழுதுவதற்கு முன் அவனைக் கேட்டேன்.

"உன் வியாதியையும் சேத்துத்தான் எழுதணும் மாப்ள. பரவாயில்லையா?"

"எழுதுங்க மாமா. அத விட்டுட்டு என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? போட்டோ மட்டும் தலை சீவி எடுத்ததா போடுங்க."

"சீவறதுக்கு உன் தலையில என்னடா இருக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன், பழைய போட்டோ."

இந்தக் கதையில் வரும் இன்னொரு டிரைவரையும் கேட்டேன். எழுதுங்கள், ஆனால் யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது என்றான். அவன் உருவம், ஊர்ப்பக்கம், லாரியின் நிறம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். தக்காளியை மட்டும் மாற்றவில்லை.

என் மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. கடையில் அவனுக்குப் பெயர் கம்ப்ரஸர். காற்றுப் பிடிக்கும் கம்ப்ரஸர் ஒன்று எங்கள் கடை மூலையில் இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் தடதடவென்று கத்தத் தொடங்கும், தொட்டி நிறைந்தால்தான் ஓயும். அதுவரை பக்கத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. இவனும் அந்த ஜாதி இயந்திரம்தான். அந்தப் பெயரை வைத்தது நான். நான் வைத்த பெயர் எதுவும் இந்தச் சாலையில் நிலைக்காமல் போனதில்லை.

கடைக்கு வருவதற்கு முன் அவன் டிரைவர். நல்ல டிரைவர். என் அளவுக்குச் சொல்ல முடியாது, ஆனால் நல்ல டிரைவர். நீண்ட தூர லாரி. கிளம்பினால் எப்போது வருவான் என்று தெரியாது. அப்படி இருந்தவன் ஒரு சமயம் இளைக்கத் தொடங்கினான். இருமல், காய்ச்சல், வாய்ப்புண். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினான். கடைசியில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வருவதற்குள் செய்தி லாரி செட்டுக்குப் போய்விட்டது. அவன் முதலாளி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அதோடு விடவில்லை. டிரைவர் சீட்டைக் கழற்றி, செட்டுக்குப் பின்னால் போட்டு, அவன் கண் முன்னாலேயே கொளுத்தினார். சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் புகைந்துகொண்டே இருந்தது என்று என்னிடம் சொன்னான். இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்றும் சொன்னான். அவன் சுருக்கமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான்தான் போய் அவனை அழைத்துவந்தேன். என் வண்டியில், முன் சீட்டில், நாலு பேர் பார்க்க. என் மனைவி ஜன்னல் வைத்த அறையை ஒழித்துக் கொடுத்தாள். சும்மா படுத்திருந்தால் கவலை தின்றுவிடும் என்று, கொஞ்சம் நடக்க முடிந்ததுமே கடையில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம்.

அடுத்த நாள் எங்கள் பிட்டர்கள் இருவர் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார்கள். கடை டிரம்மில் இருந்த டம்ளர் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. நான் பிரசங்கம் பண்ணவில்லை. மைத்துனன் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எல்லாரும் பார்க்க எடுத்தேன், மொண்டேன், குடித்தேன். பிறகு அந்த டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் வாய் வைத்த டம்ளரில் குடிக்க மாட்டேன் என்று சொல்ல என் கடையில் யாருக்குத் துணிச்சல் உண்டு? மறுநாள் பாட்டில்கள் வரவில்லை.

மருந்து அவனைத் தூக்கி நிறுத்தியது. டவுன் பெரிய ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி நடைவழியின் கோடியில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. எச்.ஐ.வி.க்கு மருந்து தருகிற இடம். நாங்கள் மையம் என்று மட்டும் சொல்வோம். அங்கே தருகிற மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் விழுங்கினான். கன்னம் நிறைந்தது. போட்ட ஓட்டையெல்லாம் வீணாகி பெல்ட் பழைய இடத்துக்கு வந்து, அதையும் தாண்டியது. பிறகு ஒருநாள் ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்று சொன்னார்கள். கிருமி போய்விடவில்லை, அடங்கிக் கிடக்கிறது; மருந்தை விடாமல் சாப்பிட்டு அது தென்படாமலே இருக்கும்வரை உங்களிடமிருந்து கட்டின மனைவிக்குக்கூடத் தொற்றாது; விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே பழகிப்போய் எழுந்துவிடும் என்று அங்கே இருந்த டாக்டரம்மா விளக்கியிருக்கிறார். அதை அவன் எங்கள் பாஷையில் மாற்றிக்கொண்டான்.

"டயர் ஓடுது, ஓடுதுன்னு காத்தடிக்கிறத விட்டா என்ன ஆகும்? அதேதான்."

சாயங்காலம் கடை விளக்கைப் போட்டதும் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றுகொண்டு, மறைக்காமல், மாத்திரையைப் போட்டுக்கொள்வான். என்ன மாத்திரை என்று எந்த டிரைவராவது கேட்டால், இன்ன வியாதி, இன்ன மருந்து, இன்ன பலன் என்று ஆரம்பித்துவிடுவான். கேட்டவன் டீ ஆறிப்போகும். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவனாக, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்தார்கள்.

"அண்ணே, என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு இந்த மாதிரி..."

"சொல்லு. உன் ஃப்ரெண்டுக்கு இருமல் இருக்கா?"

"இருக்குண்ணே."

"இப்பக்கூட இருமுறானே."

இந்தச் சாலையில் ஓடுகிற டிரைவர்களுக்கு ஒரு வியாதியும் கிடையாது மாமா, எல்லாம் அவங்க ஃப்ரெண்டுங்களுக்குத்தான் என்பான் என்னிடம். அந்த நண்பர்களில் பலரை அவனே மையத்துக்கு அழைத்துப்போனான். பலர் மருந்து தொடங்கினார்கள். பாதிப் பேர் நடுவில் விட்டார்கள். அவர்கள் மேல் மட்டும் குற்றமில்லை. மையம் காலையில் திறந்து மதியம் மூடுகிறது. டிரைவர் காலையில் ஓர் ஊர், மதியம் வேறோர் ஊர். பதிவு செய்த இடத்தில்தான் மருந்து. அந்த இடத்தில் அவன் இருக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை.

இப்போது அந்தக் காலை.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே முதலாளியின் இரண்டு வண்டிகள் இங்கே சந்தித்தால், சரக்கைப் பார்த்து டிரைவர்களை மாற்றிவிடுவார்கள். அவசரச் சரக்குக்கு வேகமான கை. அன்றைக்கு விடிந்ததும் அப்படி ஒரு மாற்றம். சிமெண்ட் ஏற்றிவந்த ஓர் இளம் டிரைவரைத் தக்காளி வண்டிக்குப் போனிலேயே மாற்றினார் அவர்கள் முதலாளி. அவன் படுக்கை, துணிப்பை, தண்ணீர் கேன், போன் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். சிமெண்ட் வண்டி கிளம்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு இவன் தக்காளி வண்டியின் கேபினுக்குள் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் மைத்துனன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன தம்பி தேடுற?"

"ஒண்ணுமில்லண்ணே. பீடிக்கட்டு."

"நீதான் பீடி பிடிக்க மாட்டியே."

 இவனும் அந்தப் பழைய ஃப்ரெண்டுகளில் ஒருவன்தான், மருந்து மட்டும் தன் ஊர் மையத்தில் வாங்குகிறவன்.

"அந்த வண்டியில போயிருச்சா?"

"சீட்டுக்குப் பின்னால, துணியில சுத்தி வச்சிருந்தேன்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

டிரைவருக்குக் கேபின்தான் வீடு. கண்ணில் படுகிற சாமானை எடுத்துக்கொண்டு இறங்குவான். ஒளித்து வைத்தது ஒளித்த இடத்திலேயே இருந்துவிடும். வண்டி மாற்றிப் பிழைக்கிற எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு நேராது.

"போன் போட்டு எடுத்து வைக்கச் சொல்லு."

"அத ஓட்டிட்டுப் போறது முதலாளியோட மச்சினன்ணே. துணியப் பிரிச்சுப் பாக்காம விடமாட்டாரு. சாயங்காலத்துக்குள்ள செட்டு பூராவும் தெரிஞ்சிரும்."

அவன் டயரில் வந்து உட்கார்ந்தான். முன்பு ஒருமுறை மருந்தை நடுவில் விட்டு, காசநோய் பிடித்து, எழுந்து வந்தவன் அவன். இப்போதுதான் கிருமி இறங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த மாசம் ரத்தம் எடுக்குறாங்கண்ணே. அதுல நல்லா வந்தாத்தான் கொழந்தைக்குப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வீட்டுல அவ இப்பவே பேரெல்லாம் யோசிச்சிட்டிருக்கா. உங்க மாத்திரையில கொஞ்சம் குடுங்கண்ணே, போயிட்டு வந்து தந்துர்றேன்."

"லாரி டயர ஸ்கூட்டர்ல மாட்டுவியா? உன் மருந்து வேற, என் மருந்து வேற. மையம் தொறந்ததும் போலாம். கேட்டுப் பாப்போம்."

"தக்காளி மதியத்துக்குள்ள மார்க்கெட்ல இறங்கணும். நின்னா அழுகிரும். அழுகினா வேலை போயிரும்."

"அப்ப எப்பதான் வருவ?"

"அங்கேருந்து வேற லோடு, அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு வாரம் ஆகும்ணே. ரெண்டு வாரந்தானே, பாத்துக்கலாம்."

அவன் கேபினில் ஏறிவிட்டான். நான் அப்போது கடைக்குள் இருந்தேன். திடீரென்று உஸ்ஸென்று ஒரு சத்தம். கூட்டத்தில் பச்சைக்குழந்தை அழுதால் பெற்றவளுக்குக் கேட்கிற மாதிரி, காற்று இறங்குகிற சத்தம் எனக்கு எங்கே இருந்தாலும் கேட்கும். வெளியே ஓடிவந்தேன். தக்காளி வண்டியின் முன் சக்கரத்தடியில் என் மைத்துனன் குந்தியிருந்தான்.

"டேய், என்ன பண்ற?"

"காத்து செக் பண்றேன் மாமா."

"செக் பண்றவன் வால்வு பின்னை எதுக்குப் பிடுங்குன?"

"கொஞ்சம் அதிகமா இருந்துச்சு."

டயர் தரையோடு அமர்ந்துவிட்டது. என் மைதானத்தில், என் பெயர்ப் பலகைக்குக் கீழே, என் வீட்டு ஆளே ஒரு வண்டியின் காற்றைப் பிடுங்கிவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் என் மனைவியின் தம்பியாக இல்லாமலிருந்தால் நிலைமை வேறு. டிரைவர் இறங்கி வந்து தலையில் கைவைத்தான்.

"அண்ணே, தக்காளிண்ணே."

"தக்காளி இந்த வருசம் போனா அடுத்த வருசமும் காய்க்கும். நீ காய்ப்பியா?"

கூச்சல் கேட்டு என் மனைவி பின்கட்டிலிருந்து வந்தாள். கையில் கரண்டி. நடந்ததைத் தம்பியின் வாயால் கேட்டாள், வேறு வழியில்லை, அவன்தான் பேசிக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உன் லைசென்ஸ் எங்க?"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"காலாவதி ஆக விடாம புதுப்பிச்சு வச்சிருக்கியே, பீரோவுல வச்சு அழகு பாக்கவா?"

"அக்கா, நான் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார் மேல பண்ணுன?"

"என் மேலதான்."

"அப்ப ஒண்ணும் பெரிய நஷ்டமில்ல. ஏறு."

நான் முதலாளிக்குப் போன் போட்டேன். உங்கள் பையனுக்கு வயிறு சரியில்லை, என் ஆள் சரக்கைக் கொண்டுபோய் இறக்குவான், தக்காளிக்கு நான் பொறுப்பு என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். நான் சொன்னதால் சரி என்றார், உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க என்றும் சொன்னார்.

மைத்துனனே காற்று நிரப்பினான். கேபின் கதவைத் திறந்துவிட்டு உடனே ஏறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்தான். நான் பார்க்காத மாதிரி ஜாக்கியை எடுத்து வைத்தேன். பிறகு ஏறினான். இரண்டு பக்கமும் நீளமான டிரெய்லர்கள் நிற்க, நடுவிலிருந்து வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, ஓர் உரசல் இல்லாமல் சாலையில் ஏற்றினான். மைதானத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்படி எடுக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நான் அந்த டிரைவரை அழைத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். மைத்துனன் போகிற வழியிலேயே அங்கே போன் போட்டுச் சொல்லியிருந்தான். நடைவழியில் நீள பெஞ்சு. சுவர் முழுக்கப் பாதி உயரத்துக்குப் பச்சைச் சாயம், உட்கார்ந்தவர்களின் தலை பட்டு அங்கங்கே மங்கியிருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் எல்லார் முகத்தையும் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். ஒரு பெண் சிரித்தாள். பிறகு பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள்.

எக்ஸ்ரே அறையிலிருந்து எங்கள் கடைவீதிச் சிமெண்ட் வியாபாரி கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என்னையும் என் தலைக்கு மேலே இருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன முதலாளி, இங்க உக்காந்திருக்கீங்க?"

"பெஞ்சு நல்லா இருக்கு. நீங்களும் உக்காருங்களேன்."

அவர் உட்காரவில்லை. நான் வீடு திரும்புவதற்குள், எனக்குத்தான் அந்த வியாதி என்று கடைவீதி பேசத் தொடங்கிவிட்டது. பல நாள் பேசினார்கள். வந்திருந்தால்தான் என்ன என்று நான் மறுக்கவே இல்லை. மறுத்தால் அது கேவலம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். என் மனைவியை யாரோ கோயில் வாசலில் விசாரித்ததற்கு, அவருக்கு இருக்கிறது வாய் வியாதி ஒண்ணுதான் என்று சொன்னாளாம்.

மருந்து கொடுக்கிற கண்ணாடி ஜன்னலில் இருந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் டிரைவரின் பதிவு வேறு ஊரில். அங்கே கேட்காமல் தர முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், யாருக்கு எந்த மருந்து என்று தெரியாமல் எப்படித் தருவது? டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவர் டிரைவரின் ஊர் மையத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். டிரைவர் என்னைப் பார்த்தான். தக்காளி வண்டியைப் போய்ப் பிடிக்கிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விடலாம் என்று அவன் கண் சொன்னது. நான் அவன் சட்டைத் தோளில் கையை வைத்தேன். என் கை கனமானது, எழுந்திருக்க முடியாது. ஒருவழியாக அந்தப் பக்கம் எடுத்தார்கள். அவன் பதிவு, மருந்தின் பெயர், கடைசியாக வாங்கிய நாள் எல்லாம் சரிபார்த்தார்கள்.

"பயணத்துல இருக்கிறவங்களுக்கு இப்படிக் குடுக்க விதியில எடம் இருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா யாரும் வந்து கேக்கறதில்ல. மருந்து தீந்துபோனா வெக்கப்பட்டுக்கிட்டு அப்படியே விட்டுடறாங்க. இவர் எப்படி வந்தார்?"

"காத்தப் பிடுங்கிட்டாங்க மேடம்" என்றான் டிரைவர்.

அவன் ஊர் திரும்பும்வரைக்கும் போதுமான மருந்தைக் கொடுத்தார்கள். இந்த முறை அவன் அதைப் பைக்குள் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். நான் அவனை மார்க்கெட் ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன்.

மதியம் மைத்துனன் போன் செய்தான்.

"இறக்கியாச்சு மாமா. ஒரு தக்காளி நசுங்கல. அங்க என்னாச்சு?"

"கெடச்சிருச்சு. பஸ்ஸுல வந்திட்டிருக்கான். வண்டியக் குடுத்துட்டுத் திரும்பு."

 அவன் இன்ஜினை அணைக்காமலே பேசினான்.

"மாமா, அவன் வர லேட் ஆச்சுன்னா அடுத்த லோடையும் நானே எடுத்துட்டுப் போகட்டா?"

"மரியாதையா பஸ் ஏறி வாடா."

வந்தான். வந்ததிலிருந்து வழியில் பார்த்த ஒவ்வொரு வளைவையும் பற்றி ஒரு வாரம் பேசினான். நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

அதோடு முடியவில்லை, முடிய நான் விடவில்லை. டாக்டரம்மாவைக் கடைக்கு வரவழைத்தேன். அவருடைய ஸ்கூட்டரின் பின் டயர் வழுக்கையாகிவிட்டதை நடைவழியிலிருந்தே பார்த்திருந்தேன். டயர் மாற்ற வாருங்கள் என்றேன். வந்தார். மைதானம் முழுக்க லாரி, லாரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கும் டிரைவர்கள், சமைப்பவர்கள், ஷேவ் செய்துகொள்பவர்கள். டயர் மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவங்களால எங்ககிட்ட வர முடியாது. நாங்கதான் இங்க வரணும்."

"வாங்க, ரூம் இருக்கு" என்றான் மைத்துனன். "ஆனா எச்.ஐ.வி.ன்னு பலகை வச்சீங்கன்னா ஒரு பய உள்ள வரமாட்டான். கண்ணு, சுகர், பிரஷர் எல்லாத்தையும் சேத்துப் பாருங்க. கண் டெஸ்ட்டுக்கு லைசென்ஸ் வச்சிருக்கிறவன் எல்லாம் வருவான். எவன் எதுக்கு வந்தான்னு எவனுக்கும் தெரியாது."

டாக்டரம்மாவும் அதையே நினைத்திருந்தாராம். மேலிடத்தில் அனுமதி வாங்க அவர் நடந்த நடையை அவர்தான் எழுத வேண்டும். டியூப் ஒட்டுகிற அறைக்குப் பின்னால் இருந்த என் கோடௌனை நான் வெள்ளையடித்துக் கொடுத்தேன். வாசல் பலகை என் கைப்பட எழுதியது: டிரைவர் ஆரோக்கிய அறை. வாரத்தில் ஒரு சாயங்காலம் மையத்திலிருந்து நர்ஸும் மருந்தாளுநரும் வருகிறார்கள். எந்த ஊரில் பதிந்தவனாக இருந்தாலும் அவன் ஊர் மையத்தோடு பேசி மருந்து தருகிறார்கள். உடம்பு நிலையாக இருக்கிறவர்களுக்குப் பல மாதத்துக்குச் சேர்த்தே தருகிறார்கள். விட்டுப்போன நண்பர்கள் திரும்ப வந்தார்கள், ஒருவன் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு.

என் மைத்துனன் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தான். எந்த வண்டி கிளம்பினாலும் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்ப்பது டயர் கடைக்காரன் வழக்கம். அவன் ஸ்டெப்னியைத் தட்டிவிட்டுத் தன் சட்டைப் பையையும் தட்டுவான். ஸ்டீயரிங்கில் இருக்கிறவன் தன் பையைத் தட்டிக்காட்ட வேண்டும். தட்டாவிட்டால், கம்ப்ரஸர் அண்ணன் சக்கரத்துப் பக்கம் குனிவார் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். வியாதியே இல்லாதவர்கள்கூடத் தட்டிவிட்டுத்தான் போகிறார்கள். எதற்கு வம்பு என்றுதான்.

தக்காளி டிரைவரின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று அவன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டோம்.

"தென்படலையாம்ணே."

என் மைத்துனன் அரை மணி நேரம் பேசுவான் என்று நாங்கள் ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டோம். அவன் சரிப்பா என்றான், போனை வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போய் டியூபை அமுக்கிக்கொண்டு நின்றான். அந்த டியூப் ஏற்கனவே ஒட்டி முடித்த டியூப்.

போன மாதம் அந்தத் தம்பி தன் மனைவியோடு வந்திறங்கினான். அவள் கையில் குழந்தை. பரிசோதனை செய்து பார்த்தாகிவிட்டது, குழந்தைக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்கும் இல்லை. அவள் நேராக என் மைத்துனனிடம் போய்க் குழந்தையை நீட்டினாள். அவன் கை முழுக்கக் கரி. ஒரு காலத்தில் இவன் தொட்ட டம்ளரைத் தொடமாட்டோம் என்ற அந்த இரண்டு பிட்டர்களில் ஒருவன்தான் ஓடிப்போய் சோப்பு எடுத்துவந்து அவன் கையில் தண்ணீர் ஊற்றினான். மைத்துனன் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, சட்டையில் துடைத்து, குழந்தையை வாங்கிக்கொண்டான். குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு அவன் சட்டையை நனைத்தது.

"மாமா, லீக் ஆகுது மாமா. தொட்டியில அமுக்கி எங்கேன்னு பாக்கலாமா?"

கடையே சிரித்தது. என் கடைக்கு லீக்கோடு வந்த எதையும் நான் சரிபண்ணாமல் அனுப்பியதில்லை, இந்தச் சாலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.